பொறுக்கலாமா, கிளம்பலாமா?

நாய்க்கு வாந்தி எடுப்பது பெரிய விஷயமே இல்லை. கிடைத்ததை மெல்லாமல் விழுங்குவதும், ஒத்துவராததை அரை மணி நேரத்தில் வெளியே தள்ளுவதும் அதன் பிறவிக் குணம். தான் தின்றதைக் கக்கிக் குட்டிகளுக்குக் கொடுக்கும் தாய் நாயைத் தெருவில் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால் ‘நாய் வாந்தி எடுத்தது’ என்ற ஒரு தகவலை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் எதையும் சொல்லிவிட முடியாது. நேற்றைய பிரியாணி மிச்சம், பார்வோ வைரஸ், எலி விஷம், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பப்பையில் சீழ் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கோளாறுகளும் முதலில் வாந்தியாகத்தான் வெளியே தெரிகின்றன.

சென்னைப் புறநகரான படப்பையில் இதோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்த பிறகு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இரு பக்கமும் வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகிவிட்டன. புது வீடு கட்டியவர்கள் காவலுக்கென்று ஒரு நாயும் வாங்கினார்கள். உள்ளே தள்ளியிருக்கும் பண்ணை வீடுகளில் ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்டு, ராஜபாளையம் எல்லாம் உண்டு. நாய்கள் பெருகிய வேகத்தில் அவற்றுக்கான மருத்துவ வசதி பெருகவில்லை. அரசுக் கால்நடை மருந்தகங்கள் மாட்டையும் ஆட்டையும் மனத்தில் வைத்து உருவானவை. அங்கிருக்கும் மருத்துவர் நாயையும் பார்ப்பார், ஊசி போடுவார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இரவு முழுக்க டிரிப்ஸ் என்றால் அங்கே வழியில்லை. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ வண்டியும் முதன்மையாகக் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கானது. முடிச்சூர், தாம்பரம் பக்கம் தனியார் கிளினிக்குகள் உண்டு என்றாலும், இரவில் பல இடங்களில் ஷட்டர் இறங்கியிருக்கும். அறுவை சிகிச்சை, ஸ்கேன், ரத்த வங்கி எல்லாம் ஒரே வளாகத்தில் வேண்டுமென்றால் வேப்பேரிதான். 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பின்னர் வேப்பேரிக்கு இடம் மாறிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. படப்பையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மாலை நேரத்தில் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள்ளேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

ஆகவே இந்தப் பக்கம் நாய் வளர்ப்பவருக்கு மருந்துப் பெயர்கள் தெரிவதைவிட, எதற்குப் பொறுக்கலாம், எதற்கு உடனே வண்டியை எடுக்க வேண்டும் என்று தெரிவதுதான் முக்கியம். நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். பயப்பட வேண்டாததற்குப் பதறுகிறோம். பயப்பட வேண்டியதற்கு ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்கிறோம்.

பயப்பட வேண்டாததை முதலில் முடித்துவிடுவோம். விடியற்காலையில் மஞ்சள் நுரையாகக் கொஞ்சம் கக்கிவிட்டு, அடுத்த நிமிடமே வாலாட்டிக்கொண்டு தட்டைத் தேடும் நாய்க்குப் பெரும்பாலும் நோய் எதுவும் இல்லை. இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்ட வயிறு வெறுமையாகி, பித்தநீர் மேலேறியிருக்கிறது, அவ்வளவுதான். படுக்கப்போகும் முன் இரண்டு கை சோறோ நாலு பிஸ்கட்டோ கொடுத்தால் பலவற்றுக்கு இது நின்றுவிடும். புல் தின்று கக்குவதும் அப்படியே. சாப்பிட்ட உடனே, வயிறு குலுங்காமல், மெல்லாத சோறு உருண்டையாக அப்படியே வெளியே விழுந்தால் அது வாந்தியே அல்ல. உணவுக்குழாயிலிருந்து திரும்பி வருவது. அவசரமாக விழுங்கும் நாய்களிடம் இதைப் பார்க்கலாம். வாரக்கணக்கில் தொடர்ந்தால் மட்டும் உணவுக்குழாயைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

நாய் எப்படி இருக்கிறது என்பதை வாந்தியைவிட நாயே தெளிவாகச் சொல்லும். மேல் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழையபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம்போல அப்படியே நின்றால் நிலைமை முற்றிவிட்டது. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காட்டினால் அது நாய்க்கு இயல்பு. மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். அதில் ஒரு பயனும் இல்லை.

வயிற்றுக் கோளாறில் பெரும்பகுதி நம் கையால் வருவது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீடுகளில் எலும்பு நாய்க்குப் போகிறது. திங்கள் காலை கிளினிக் வாசலில் அதன் விளைவு நிற்கிறது. வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும். ஆட்டு எலும்புத் துண்டுகள் சுண்ணாம்புக் கட்டியாகி மலக்குடலை அடைத்துக்கொள்ளும், நாய் முக்கி முக்கிப் பார்க்கும். சித்திரை, வைகாசியில் மாங்கொட்டை. வழவழப்பில் தொண்டை வழியே நழுவிப் போய்ச் சிறுகுடலில் உட்கார்ந்துவிடும். சாலையோரம் எறிந்த சோளக்கட்டை, பிளாஸ்டிக் பையோடு சேர்த்து விழுங்கிய பிரியாணி, குழந்தையின் சாக்ஸ், எல்லாமே குடலடைப்பில் கொண்டுவிடும். தண்ணீர் குடித்தாலும் திரும்ப வருகிறது, மலம் கழிக்கவில்லை, வயிற்றைத் தொட்டால் முனகுகிறது என்றால் அடைப்பு என்றே வைத்துக்கொண்டு எக்ஸ்ரேக்குக் கிளம்ப வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று விளக்கெண்ணெய் புகட்டுவது இரண்டு வழியில் கெடுதல். அடைப்பு அதனால் விலகாது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் போய்விடும்.

கொழுப்பு இன்னொரு வகை. கறிக் கொழுப்பையும் தோலையும் நெய் வழியும் மிச்சத்தையும் மொத்தமாகத் தின்ற நாய்க்கு, முக்கியமாக உடல் பெருத்த நடுவயது நாய்க்கு, கணையம் வீங்கிக்கொள்ளலாம். முன்னங்கால்களை நீட்டித் தரையில் பதித்துப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். வயிற்று வலிக்கு அது காட்டும் நிலை அது. இது ஒரு நாளில் சரியாகிற அஜீரணம் இல்லை. டிரிப்ஸும் வலி மருந்தும் தேவைப்படும்.

நம் சமையலறையிலேயே விஷங்களும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அளவு கூடினால் சோகை வரும். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் நிறுத்திவிடும் என்பது வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. ஏன் என்பது மட்டும் புதிராக இருந்தது. அமெரிக்காவில் விலங்கு விஷ மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் அண்மையில் ஒரு விடையை முன்வைத்தார்கள்: டார்டாரிக் அமிலம். அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று நமக்கு மிகவும் வேண்டியது. திராட்சை தின்ற நாய்களுக்கு வந்த அதே சிறுநீரகப் பாதிப்பு, புளி தின்ற நாய்களுக்கும் வந்திருந்தது. டார்டாரிக் அமிலம் நிறைந்த பண்டங்களில் புளி முன்வரிசையில் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சாம்பார் சோறு தின்று வளர்ந்த நாட்டு நாய்கள் நம் கண் முன்னே நடமாடுகின்றனவே என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். கரைத்த புளி நாலு தேக்கரண்டி பத்து பேருக்குப் பிரியும் சாம்பாரும், நாய் தானாகக் கவ்விக்கொண்டு போன புளி உருண்டையும் ஒன்றல்ல. ஆனாலும் புளியோதரை, வத்தக்குழம்பு, திராட்சை போட்ட பாயசம் ஆகியவற்றை நாய்த் தட்டில் கொட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. புளி உலர்த்தும் மாசி, பங்குனியில் மொட்டை மாடிக் கதவைச் சாத்தி வைப்பதும் நல்லது.

இத்தனையும் வளர்ந்த நாய்க்கு. குட்டி என்றால் கணக்கே வேறு. இரண்டு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட, தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்தால், வேறு என்று நிரூபணமாகும் வரை அது பார்வோதான்.

இந்த வைரஸுக்கு வயது அதிகமில்லை. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு உறவான இது 1978-ல் பல நாடுகளில் ஒரே சமயத்தில் நாய்களைக் கொல்லத் தொடங்கியது. இந்தியாவில் இதைப் பற்றிய முதல் பதிவுகள் சென்னையிலிருந்து போனவை. நாய்களின் வைரஸ் குடலழற்சி பற்றி 1981-ல் பாலுவும் தங்கராஜும் எழுதினார்கள். 1982-ல் ராமதாஸும் காதரும் ஆய்வகச் சோதனை வழியாக அதை உறுதிசெய்து வெளியிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சென்னைக் கிளினிக்குகளில் குட்டிகளைக் கொண்டுபோகும் நோய்களில் முன்னே நிற்பது இதுதான். தடுப்பூசி இருந்தும் இப்படி என்பதுதான் வருத்தம்.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் அவசரம் ஏன் என்று விளங்கும். வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடிப் போகும் வைரஸ் அது. குடலின் உள்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் அணுக்களும், எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்களைச் செய்யும் அணுக்களும் அதற்கு இரை. ஒரு பக்கம் குடலின் சுவர் உரிந்து கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. மறுபக்கம் அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் இல்லாமல் போகின்றன. முதல் நாள் குட்டி சாப்பாடு எடுக்காது, மூலையில் சுருண்டு கிடக்கும். அன்றே அல்லது மறுநாள் நுரை வாந்தி. பிறகு தண்ணீராகப் பீய்ச்சும் ரத்தக் கழிச்சல். ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க முடியாத நாற்றம். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும். சரியான சிகிச்சை சீக்கிரம் கிடைத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். இப்படித் தலைகீழாக மாறும் வாய்ப்பு வேறு பல நோய்களில் கிடைப்பதில்லை. அந்தச் சிகிச்சையில் மாயம் எதுவும் கிடையாது. முன்னங்காலில் ஊசி பொருத்தி நாள் முழுக்க டிரிப்ஸ், வாந்தியை நிறுத்த மருந்து, ரத்தத்தில் பரவும் கிருமிகளுக்கு ஆன்டிபயாட்டிக், சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது, வாந்தி அடங்கத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டி, கோணிமேல் குட்டியைப் படுக்கவைத்து, வீட்டில் ஒருவர் அதன் காலைப் பிடித்தபடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். காலையும் மாலையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய் வருவார்கள். மருத்துவமனையில் சேர்க்க வழி இருந்தால் அதுவே மேல். வழியில்லாத இடத்தில் இப்படியும் குட்டிகள் பிழைத்திருக்கின்றன.

‘ஊசி போட்டாச்சே சார்’ என்பது பார்வோ குட்டியைத் தூக்கி வருபவர்கள் தவறாமல் சொல்வது. பொய்யும் இல்லை. ஒரு ஊசி போட்டிருப்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியையும் அது எதிரியாக நினைத்து அழித்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி, 2–4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். உலகச் சிறுபிராணி மருத்துவச் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கடைசி ஊசி 16 வாரத்துக்கு முன்னால் இருக்கக் கூடாது என்றே சொல்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ, தெரிந்தவர் மூலமாகவோ 40 நாள் குட்டியை வாங்கி, விற்றவர் கொடுத்த ஒற்றை ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை நம்பி, மறுநாளே தெருவில் நடக்கவிடுவதுதான் இந்த நோய்க்கு நாம் போடும் தாம்பூலம்.

குட்டி இறந்த வீட்டில் அடுத்த வாரமே இன்னொரு குட்டி வாங்கி அதையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் வைரஸ் இது. ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் அது சாகாது. ப்ளீச்சிங் கரைசல்தான் கொல்லும், அதுவும் அழுக்கைக் கழுவிய தரையில் பத்து நிமிடமாவது ஊறினால். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்வது ஏறக்குறைய முடியாது. தடுப்பூசித் தொடர் முடிந்த, வயதில் மூத்த நாயைக் கொண்டுவருவதே அங்கே வழி.

குட்டிகளுக்குப் புழுவும் இருக்கிறது. கொக்கிப்புழு குடலைக் கடித்து ரத்தம் குடிக்கும். ஈறு வெளுத்து, மலம் தார் நிறத்தில் போகும். பிறந்த இரண்டு வாரத்திலிருந்தே குடற்புழு மருந்து கொடுக்கத் தொடங்கினால் தீர்ந்தது.

மழைக்காலம் தனி அத்தியாயம். அடையாற்றின் தலைப்பகுதியான ஆதனூர், மணிமங்கலம் ஏரிப் பக்கம் இங்கிருந்து தொலைவில் இல்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. எலியின் சிறுநீர் கலந்து தேங்கிய நீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இருக்கும். அதில் நடந்த, அதைக் குடித்த நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, பிறகு கண்ணும் ஈறும் மஞ்சள், சிறுநீர் குறைவு. இது மனிதருக்கும் தொற்றும் என்பதால் அந்த நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்கக் கூடாது. பார்வோ தடுப்பூசி பல ஆண்டுகள் தாங்கும். லெப்டோ தடுப்பூசி ஓராண்டுதான். மழைக்கு முன்பே போட்டுவிடுவது இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும். தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளும், ஓங்கரிக்கும். வாயை வெளிப்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டால் பெரும்பாலும் அதோடு போகும். நடுங்கினாலோ தள்ளாடினாலோ கிளம்ப வேண்டும். உண்ணிக் காய்ச்சலும் சில சமயம் வாந்தியோடு வரும். சாப்பாடு எடுக்காத, காய்ச்சலடிக்கும், காது மடலில் உண்ணி ஒட்டிய நாய்க்கு வயிற்று மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகும்.

விஷத்தில் நேரமே மருந்து. மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. பழைய டப்பாக்கள் பரணில் கிடக்கலாம். இதில் ஏமாற்றும் ஒரு இடைவெளி உண்டு. முதல் நாள் வாந்தி எடுத்த நாய் அடுத்த நாள் தேறியதுபோல் தெரியும். மூன்றாம் நாள் வாக்கில் ஈரல் செயலிழக்கத் தொடங்கும். விஷம் என்றதும் பால் புகட்டுவது நம் வழக்கம். பாஸ்பரஸ் கொழுப்பில் கரைவது, பால் அதை உடம்புக்குள் வேகமாகக் கொண்டுபோகும். உப்புக் கரைசல் புகட்டி வாந்தி வரவழைப்பதும் வேண்டாம்; உப்பே நாய்க்கு விஷமாகும் அளவுக்கு ரத்தத்தில் ஏறிவிடும். வயலில் அடித்த பூச்சிமருந்தை நக்கிய நாய்க்கு எச்சில் ஒழுகும், கண்மணி புள்ளியாகச் சுருங்கும், தசை துடிக்கும். டப்பாவை அல்லது உறையை எடுத்துக்கொண்டு புறப்படுவது ஒன்றே வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான காரியம்.

இரண்டு நிலைமைகளில் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய் ஓங்கரிக்கிறது, ஒன்றும் வெளியே வரவில்லை, வயிறு மத்தளமாக உப்புகிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது. அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லை, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அடுத்தது, கருத்தடை செய்யாத பெண் நாய் ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் வாந்தி எடுத்து, வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்து, சோர்ந்து கிடந்தால். பின்பக்கம் சீழ் வழிந்தாலும் வழியாவிட்டாலும் கர்ப்பப்பை ஸ்கேன் பார்க்க வேண்டும். வயிற்றுக் கோளாறு என்று நாலு நாள் மாத்திரை கொடுத்துப் பார்த்து இழந்த நாய்களில் இந்த வகை அதிகம்.

இனி பொறுக்கக்கூடிய நாய். வளர்ந்தது, தடுப்பூசி முடிந்தது, ஒன்றிரண்டு முறை வாந்தி, அல்லது இளகிய மலம், மற்றபடி சுறுசுறுப்பு. இதற்கு அரை நாள் சாப்பாட்டை நிறுத்தலாம். குட்டிகளையும் பொம்மை நாய் எனப்படும் சிற்றினங்களையும் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைத்தால் மொத்தமாகக் குடித்து மொத்தமாகக் கக்கும். கால் மணிக்கு ஒருமுறை ரெண்டு மூடி அளவு போதும். ஐஸ் கட்டி நக்கக் கொடுப்பதும் நல்ல வழி. வாந்தி நின்ற பிறகு குழைய வடித்த சோற்றில் தோல் நீக்கி, உப்பு மசாலா இல்லாமல் அவித்த கோழிக்கறியைப் பிய்த்துப் பிசைந்து, ஒரு நாளைக்கு நாலைந்து வேளையாக. சைவ வீட்டில் மஞ்சள் பூசணியை அவித்து மசித்துச் சேர்க்கலாம். இரண்டு நாள் கழித்து மெல்லப் பழைய உணவு. அரை நாளில் வாந்தி நிற்காவிட்டால், ஒருமுறையாவது ரத்தம் தெரிந்தால், தண்ணீரே தங்காவிட்டால் பொறுக்கும் நேரம் முடிந்தது.

மெடிக்கலில் வாங்கும் மாத்திரைதான் இங்கே பெரிய வம்பு. மனிதர் வலி மாத்திரைகளான ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக் நாயின் இரைப்பையில் புண் வைத்து ரத்தம் கக்க வைக்கும். அடைப்பு இருக்கும்போது மெட்டோகுளோபிரமைடு போன்ற, குடலைத் தள்ளும் வாந்தி மருந்து ஆபத்து. கழிச்சல் என்றாலே மெட்ரோனிடசோல் என்பது மருத்துவர்களிடமும் ஊறிய பழக்கம். ஐரோப்பாவில் கால்நடை ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை ஆராயும் ஒரு மருத்துவர் குழு 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாதாரணக் கழிச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தானே அடங்கிவிடுகின்றன. ஆன்டிபயாட்டிக் குடலில் நல்லது செய்யும் கிருமிகளைத்தான் கலைக்கிறது. ஊசி போடாத மருத்துவர் ஒன்றும் செய்யாதவர் என்று நினைக்கும் நாமும் இதற்குப் பொறுப்பு. சும்மா அனுப்பினால் அடுத்த முறை வேறு கிளினிக் போய்விடுவார்கள் என்று அவருக்கும் தெரியும்.

கிளம்புவது என்று முடிவானால், போகும் இடத்துக்கு ஒரு போன் போட்டு டாக்டர் இருக்கிறாரா, எக்ஸ்ரே உண்டா என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு மணி நேரம் மிச்சம். வாந்தியையும் மலத்தையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஓங்கரிப்பதை வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது, கிளினிக் மேஜைமேல் ஏறியதும் பல நாய்கள் ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும். தடுப்பூசி அட்டை, கடைசியாக என்ன தின்றது, எப்போது தொடங்கியது, எத்தனை முறை, வீட்டில் ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தோம் என்ற விவரம் வேண்டும். கடைசிக் கேள்விக்கு மழுப்புபவர்கள் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரையைக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மருத்துவர் அடுத்து எந்த ஊசியை எடுப்பது என்பது அதைப் பொறுத்தது. காரின் பின் சீட்டில் பழைய பெட்ஷீட் விரித்து, நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்றுத் தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகாது.